அஞ்சலை அக்காவின் எருமையும் என் பெருச்சாளியும்

கொளஞ்சி போன் செய்தபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தும், "நல்லா பாத்தியா?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும், சாவுச் சேதி சொல்கிறவளிடம் கிழவன் இப்படிக் கேட்கிறானே என்று கோபப்பட்டிருப்பார்கள். கொளஞ்சி கோபப்படவில்லை. "ஒரு தடவை பாத்தாச்சு மாமா. கெளம்பி வாங்க" என்றாள். அவள் அஞ்சலை அக்கா பெற்ற பெண். அந்த 'ஒரு தடவை' எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாளில் என் பேச்சும் இருக்கட்டும் என்று கொளஞ்சி கேட்டாள். நான் சொல்ல, என் பேத்தி எழுதுகிறாள். உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைத்த அஞ்சலையை உங்களுக்குத் தெரியும். சில நாள் வேலைக்கு வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். என்ன என்று கேட்டால், "எருமை படுத்திருக்கு" என்பார். சிரித்திருப்பீர்கள். நானும் முதலில் பைத்தியம் என்று நினைத்தவன்தான்.

எங்கள் பழக்கம் அதற்கும் முந்தியது. எழுபதுகளில், இந்தப் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லாவாக இருந்த காலம். அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நான் வெடி வைக்கிறவன். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி விட்டு, ஒவ்வொன்றாகப் பற்ற வைத்துவிட்டு மேலே ஓடி வந்து பாறை மறைவில் உட்கார வேண்டும். அப்புறம் காதுதான் எல்லாம். எத்தனை திரி பற்ற வைத்தேனோ அத்தனை வெடி கேட்க வேண்டும். கேட்டால் விசில் ஊதுவேன், ஆட்கள் பள்ளத்தில் இறங்குவார்கள். ஒன்று குறைந்தாலும் ஊத மாட்டேன். படிக்காதவனுக்கு அந்த வேலையைக் கொடுத்ததே, இவன் எண்ணினால் தப்பாது என்பதால்தான்.

ஒரு நாள் தப்பியது. ஒன்பது பற்ற வைத்தேன். ஒன்பது கேட்டேன். ஊதினேன். பிச்சை என்று எனக்கு ஒரு கூட்டாளி, கடப்பாரையோடு முதல் ஆளாக இறங்கினான். வெடித்திருந்தது எட்டுதான். எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்த சத்தத்தை நான் ஒன்பதாவது என்று எண்ணியிருந்தேன். பள்ளம் ஆழம் ஆக ஆக எதிர்ச்சுவர் திருப்பிப் பேசும் என்று பழைய ஆட்கள் சொல்லித்தான் இருந்தார்கள். தெரிந்தும் எண்ணினேன். பிச்சை கிட்டே போய் நின்ற பிறகு ஒன்பதாவது வெடித்தது. அதற்கு மேல் அதைச் சொல்ல மாட்டேன்.

அதன்பிறகு எனக்குள் ஒன்று குடி வந்துவிட்டது. எண்ணி முடித்ததும், "ஒண்ணு மிச்சம் இருக்கு" என்று சொல்லும். புகை அடங்கியதும் நானே இறங்கிக் குழி குழியாகப் பார்ப்பேன். மேலே ஏறி வருவேன். "அந்த ஓரக் குழியச் சரியாப் பாத்தியா?" என்று கேட்கும். மறுபடி இறங்குவேன். ஐந்து முறை, ஆறு முறை. கல் சுமக்கிறவர்கள் கூடையோடு வெயிலில் நிற்பார்கள். லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். குவாரியோடு நிற்கவும் இல்லை. வீட்டில் அடுப்பு அணைந்ததா, கதவு சாத்தியதா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவேன். "முத்து, வூட்டுல பொண்டாட்டி ஒண்ணுதானா, நல்லா எண்ணிப் பாத்தியா?" என்று கேலி பேசினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ஒதுங்கிப் போய்த் தலையைப் பாறையில் முட்டிக்கொள்வேன். இன்னும் ஒரு லாரி காலியாகத் திரும்பினால் எனக்கு இங்கே வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வேலை போவதுகூடப் பெரிதில்லை. என் இடத்துக்கு வருகிறவன் எண்ணாமல் ஊதினால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

அஞ்சலை அக்கா அங்கே கல் சுமந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அதிகம் பேச்சு கிடையாது. கொளஞ்சி பிறந்த பிறகு அவருக்கு மனசு சரியில்லாமல் போனது என்று எல்லோருக்கும் தெரியும். சோறு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்கவில்லை. வீட்டில் கட்டிப் போட்டார்கள். வேப்பிலையால் அடித்தார்கள், அப்புறம் விளக்குமாற்றால் அடித்தார்கள். எப்படியோ எழுந்து வேலைக்கு வந்துவிட்டார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் முட்டிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தம்பி, அதுக்குக் கால் எத்தனை?" என்றார்.

"எதுக்கு?"

"உள்ள இருந்துக்கிட்டு உன்னைப் பாடாப்படுத்துதே, அதுக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவளுக்குத்தான் பைத்தியம் தெளியவில்லை என்று நினைத்தேன். அவர் விடவில்லை. அது கத்துமா, கடிக்குமா, பறக்குமா என்று மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் வாய் தவறினாற்போல, "நோண்டும்" என்றேன். "செவுத்தோரமா நோண்டிக்கிட்டே இருக்கும்."

"அப்ப பெருச்சாளி" என்றார். "எனக்கு எருமை."

அன்றைக்குத்தான் சொன்னார். சின்ன வயதில் ஏரிக்கரையில் எருமை மேய்த்தவராம். கட்டிப் போட்டிருந்த நாளில், தன்மேல் அடி விழ விழ, இவர்கள் யாரை எழுப்பப் பார்க்கிறார்கள் என்று யோசித்தாராம். "குட்டையில எறங்கிப் படுத்த எருமைய அடிச்சு எழுப்ப முடியுமா தம்பி? அடிக்க அடிக்க இன்னும் நடுவுல போவும். வெயில் தாழ்ந்தா தானா எந்திரிக்கும். நீ கரையிலயே நிக்கணும். அதை விட்டுட்டும் போவக் கூடாது, அது கூடவே எறங்கிடவும் கூடாது." இதை அவர் வாயால் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை கேட்டபோது, பிச்சை செத்ததிலிருந்து வராத அழுகை வந்தது.

பெருச்சாளிக்கு வேறு வழி சொன்னார். அதை விரட்டினால் இன்னொரு பக்கம் வளை தோண்டுமாம். அதற்கு ஒரு வேலை கொடு என்றார். "அது கூப்புடுற எடத்துக்கு ஒரு தடவை போ. மதிச்சுப் போ. நல்லாப் பாரு. ரெண்டாந்தடவை கூப்புட்டா, பாத்தாச்சு, படுன்னு சொல்லு. அடிக்காத. அதுவும் பிச்சைக்காகத்தான் பயப்படுது."

அந்தக் கடைசி வார்த்தைக்கு முன்னால் அதை நான் சனியன் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வாயால் சொன்னதோடு விடவில்லை. என்னோடு சேர்ந்து எண்ணவும் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்துப் பாறையில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடக்கும். எந்தக் காலத்திலோ இங்கே கடல் இருந்ததாம். அதில் பெருவிரல் நகம் அளவில் பொறுக்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். எத்தனை குழி என்று நான் சொன்னால், அத்தனை சிப்பியைத் தன் இடப்பக்கம் வரிசையாக வைப்பார். ஒவ்வொரு வெடிக்கும் ஒன்றை வலப்பக்கம் மாற்றுவார். எதிர்ச்சுவர்ச் சத்தத்தில் ஏமாறாமல் இருக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. காதை நம்ப மாட்டார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் ஊன்றிக்கொள்வார். "நெசமான வெடின்னா குந்தியிருக்கிற எடம் அதிரும். சத்தம் மட்டும் வந்தா அது செவுரு பேசுறது" என்பார். அவர் சிப்பியும் என் எண்ணிக்கையும் ஒத்துப்போனால், பெருச்சாளிக்காக ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வந்து விசில் ஊதுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. பெருச்சாளி சாகவில்லை, ஆனால் படுக்கக் கற்றுக்கொண்டது. கேலி பேசியவர்களே, "முத்து, உன் பெருச்சாளி சாப்ட்டுச்சா?" என்று விசாரிக்கும் அளவுக்கு அது ஊர்ப் பிராணி ஆகிவிட்டது.

இனிமேல்தான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது வருகிறது.

ஒரு சித்திரை மாதம். அக்கா மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. வேலைக்கு வந்தார், சுமந்தார், போனார். எருமை நடுக்குட்டையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலை பதினொரு குழி. மேலே இரண்டு லாரி நின்றது. சிமெண்டு ஆலைக்கு அன்றைக்குக் கல் போகாவிட்டால் குவாரியை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. மேஸ்திரி காலையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றையும் பற்ற வைத்துவிட்டு மறைவுக்கு ஓடி வந்தேன். அக்கா சிப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் ஏழு தனித்தனியாக வந்தன. எட்டும் ஒன்பதும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்த மாதிரி வந்தன. பத்து. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் பதினொன்று, தூரத்திலிருந்து வருகிற மாதிரி, மெல்லியதாக. எண்ணிக்கை சரி. ஆனால் அந்தக் கடைசிச் சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிச்சை செத்த அன்று கேட்ட ஒன்பதாவதும் அப்படித்தான் இருந்தது. பெருச்சாளி இரண்டு காலில் எழுந்து நின்றது.

அக்காவைப் பார்த்தேன். பதினொரு சிப்பியும் வலப்பக்கம் வந்திருந்தன. என் மூச்சு திரும்பியது. மடியிலிருந்த விசிலில் கை வைத்தேன்.

"என் கணக்க நம்பாத" என்றார் அக்கா. மூன்று நாளில் பேசிய முதல் பேச்சு அது.

"பதினொண்ணும் மாத்தியிருக்கியேக்கா?"

"காதாலதான் எண்ணினேன். உடம்பு மரத்துக் கெடக்கு. தரை அதிர்ந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல தம்பி."

இப்படிச் சந்தேகம் வந்தால் எங்கள் வேலையில் ஒரே வழிதான் உண்டு. பாறையின் நிழல் மறுபக்கம் திரும்புகிற வரை யாரும் இறங்காமல் காத்திருக்க வேண்டும். அப்புறம் பற்ற வைத்தவன் மட்டும் போக வேண்டும். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது, சத்தம் எத்தனை என்பது மட்டும்தான். பதினொன்று என்றேன். அந்தப் பைத்தியக்காரியிடம் எத்தனை என்றார். பதினொன்று என்றேன். இரண்டு பைத்தியமும் ஒரே கணக்குச் சொன்ன பிறகு இன்னும் என்ன என்று கத்திவிட்டு, இறங்கச் சொல்லி ஆட்களைப் பார்த்துக் கையை வீசினார். இருபது பேர் இருப்பார்கள். தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

நான் மறித்திருக்க வேண்டும். மறிக்கவில்லை. மறித்து, உள்ளே ஒன்றும் இல்லையென்று ஆகிவிட்டால் என் வேலை போய்விடும். மறிக்காமல் விட்டு, இருந்துவிட்டால்? இரண்டுக்கும் நடுவில் மரம் மாதிரி நின்றேன். பெருச்சாளி நெஞ்சைத் தோண்டித் தள்ளிக்கொண்டிருந்தது.

பள்ளத்துக்கு இறங்க ஒரே ஒரு சரிவுப் பாதைதான். இரண்டு பக்கமும் செங்குத்து. அக்கா எழுந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு பாதையின் குறுக்கே படுத்துவிட்டார்.

முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். படுத்திருக்கும் ஆளைத் தாண்டுகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. அதிலும் ஒரு பெண்பிள்ளை. மேஸ்திரி வந்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். எழுந்திரு என்று மண்ணாங்கட்டியை எடுத்து அவர் பக்கத்தில் வீசினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"எருமை படுத்துருச்சு மேஸ்திரி. தாண்டிப் போறதுன்னா போங்க."

யாரோ சிரித்தார்கள். ஆனால் தாண்டவில்லை. மேஸ்திரியும் தாண்டவில்லை.

அப்படியே நின்றோம். சித்திரை வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. ஒரு லாரி கிளம்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போனது. பள்ளத்தில் சத்தமே இல்லை. ஒரு கல் உருண்டால்கூட இருபது பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். நான் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் அவ்வளவு மெதுவாக நகரும் என்று அதற்கு முன்பு எனக்குத் தெரியாது.

நிழல் திரும்பியதும் அக்கா எனக்கு மட்டும் வழி விட்டார். தனியாக இறங்கினேன். முதல் குழி, வாய் பிளந்து வெள்ளையாக இருந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு குழிக்குள்ளும் கை விட்டுப் பார்த்தேன். பெருச்சாளி என் காலடியிலேயே சத்தமில்லாமல் நடந்து வந்தது. பத்தாவது வெடித்திருந்தது. பதினொன்றாவது ஓரத்தில், சரிந்த கல்லுக்கு அடியில் இருந்தது. கல்லைப் புரட்டினேன்.

அதுவும் வெடித்திருந்தது.

அந்த இடத்தில் நான் நினைத்ததை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒன்று மிச்சம் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

மேலே வந்து, எல்லாம் வெடித்திருக்கிறது என்றேன். ஆட்கள் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது உயிர் பிழைத்த சந்தோஷம் இல்லை. ஒரு நாள் கூலி போன எரிச்சல். மேஸ்திரி எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, முதலில் விசில் ஊதாமல் நிறுத்தினது யார் என்று கேட்டார். சந்தேகம் என்று முதலில் போய்ச் சொன்னவன் நான். விசில் ஊதாதவன் நான்.

"முத்து ஊதத்தான் வாயில வச்சாரு. நான்தான் கையைப் புடிச்சுத் தடுத்தேன்" என்றார் அக்கா.

விசில் என் மடியில் இருந்தது. என் கையை யாரும் பிடிக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னார். அக்கா சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சிப்பிகள் மறைவுப் பாறையடியில் அப்படியே கிடந்தன. அவர் போன பிறகு பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன். அதற்கு மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தைரியம் இருந்தது.

அடுத்த மாதம் அவர் பிள்ளையோடு உடையார்பாளையம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எட்டு வருஷம் நான் போய்ப் பார்க்கவில்லை. பெருச்சாளி குழிகளை விட்டுவிட்டது. வேறு இடம் பிடித்துக்கொண்டது. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?" என்று அந்த ஒரே இடத்தைத் தோண்டியது. குவாரியில் மிஷின் வந்து என் வேலையும் போனது. அதற்கப்புறம், எண்பதுகளில் ஒரு நாள், பஸ் ஏறினேன்.

அக்கா ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டை எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "பெருச்சாளி நல்லாருக்கா?" என்றார். நான் பஸ்ஸில் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டினேன். விசில் மடியில் இருந்ததைச் சொன்னேன். பதினொன்றாவது குழியில் நினைத்ததையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் கை நின்றது.

"வெடிக்காம இருந்திருந்தா நான் சொன்னது சரின்னு ஆயிருக்கும். அதானே?"

"ஆமாக்கா."

"நான் சரின்னு சொல்லவேயில்லையே தம்பி. தெரியலன்னுதான் சொன்னேன். தெரியாதப்ப இருபது பேர எறக்க முடியுமா? பதினொண்ணும் வெடிச்சிருந்துச்சு, எல்லாரும் வூட்டுக்குப் போனாங்க. இதைவிட என்ன வேணும்?"

அப்போ எதற்காக என்னைக் காப்பாற்றினாய் என்று கேட்டேன். என் வேலை போனால் அடுத்து ஊதுகிறவன் எண்ணுவானா என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். அதில் பெரிய தியாகம் எதுவும் இருந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. வேலை போன பிறகு எருமை ஒரு மாதம் எழவில்லை என்றும், கொளஞ்சி பக்கத்து வீட்டில் சாப்பிட்டாள் என்றும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அது வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ. பிறகு ஒரு கொட்டையை உடைத்து முழுப் பருப்பாக எடுத்து என் கையில் வைத்தார்.

"எட்டு வருஷமா அது இங்கதான் கூப்புட்டுக்கிட்டு இருந்துச்சா? சரி. வந்துட்ட. நல்லாப் பாத்துட்ட. ஒரு தடவைதான். போயிட்டு வா."

அதன்பிறகு எத்தனையோ முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், கொளஞ்சி கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். அந்தப் பேச்சை மட்டும் நாங்கள் மறுபடி எடுத்ததில்லை.

போன் வந்த அன்று போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கடைசி நாட்களில் எருமை அதிகம் படுத்திருந்ததாம். ஆனாலும் அம்மா கரையிலேயேதான் இருந்தாங்க என்று கொளஞ்சி சொன்னாள். மாலையைப் போட்டேன். முகத்தைப் பார்த்தேன். நகர்ந்து வாசலுக்கு வந்ததும் பெருச்சாளி வேட்டியைப் பிடித்து இழுத்தது. "மூச்சு இருந்தாலும் இருக்கும். நல்லா பாத்தியா?" என்றது. ஐம்பது வருஷப் பழக்கத்தில், பாத்தாச்சு, படு என்று சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அது பாவம், அதற்கும் அவரை விட்டால் யாரும் இல்லை. திரும்பிப் போய், குனிந்து, நன்றாகப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை. அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது, கால் எத்தனை என்ற அந்தக் கேள்வி. யாராவது தலையை முட்டிக்கொள்வதைப் பார்த்தால் அதைத்தான் கேட்கிறேன். அப்புறம் ஒரு டப்பாவில் அவருடைய சிப்பிகள் இருக்கின்றன. பதினொன்று. இதை எழுதச் சொல்லும்போது அதைத் திறந்து எண்ணிப் பார்க்கவில்லை.